ஓரத்தில் ஒரு 'போதும்'

இருபத்து மூன்றாம் கேள்வியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் இருந்தது. "போதும்."

கேள்விக்காரர் அதை நின்றுகொண்டு ஒருமுறை படித்தார். உட்கார்ந்து ஒருமுறை படித்தார். மறுபடி எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடித்து ஒருமுறை படித்தார். எப்படிப் பிடித்தாலும் அது 'போதும்' என்றுதான் இருந்தது. 

கேள்விக்காரர் என்பது அலுவலகம் வைத்த பெயர். நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்கும் இடம் அது. அங்கே கணக்குக் கேள்வி எழுதுவது அவர் வேலை. சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். புரொபேஷன் இன்றோடு முடிகிறது. மாலைக்குள் மேலாளர் அவரை நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மனுஷன் காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தாலும் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தில் பக்கத்து மேசையின் கணினித் திரையும் சேர்ந்து ஆடியது.

"கொஞ்சம் காலை அடக்குங்களேன். நான் வரியை நேரா வைக்கிறேன், நீங்க ஆட்டி ஆட்டிக் கோணலாக்குறீங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர். பக்கங்களை வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புகிறவர். அதனால் பக்கக்காரர்.

"என் வயித்தெரிச்சல் உங்களுக்கு என்ன தெரியும்? இதைப் பாருங்க."

பக்கக்காரர் பார்த்தார். "போதும்னு மேலாளர் எழுதி அனுப்பியிருக்கார். அதுக்கென்ன?"

"என் விடை 'போதாது'!"

இங்கே கொஞ்சம் விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆள் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று உங்களுக்குப் புரியாது. தரவுப் போதுமைக் கேள்வி என்று ஒரு வகை இருக்கிறது. ஒரு கேள்வி கேட்பார்கள். கீழே இரண்டு கூற்று கொடுப்பார்கள். நீங்கள் கேள்விக்கு விடை சொல்ல வேண்டாம். விடை கண்டுபிடிக்க அந்தக் கூற்றுகள் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதலாவது மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால் போதும், தனித்தனியே எதுவானாலும் போதும், இரண்டும் சேர்ந்தாலும் போதாது. ஐந்தில் ஒன்று. அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும், பரீட்சையில் முழி பிதுங்கும்.

இருபத்து மூன்றாவது இப்படி இருந்தது. வரைபடத் தாளின் நட்ட நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு ஒரு வட்டம். ஒரு நேர்கோடு அந்த வட்டத்தைத் தொடுமா? முதல் கூற்று: அந்தக் கோடு (3, 4) என்ற புள்ளி வழியாகச் செல்கிறது. இரண்டாம் கூற்று: வட்டத்தின் ஆரம் 5.

"புள்ளி சரியா வட்டத்து மேலயே உக்காந்திருக்கு. கோடு அந்தப் புள்ளி வழியாப் போகுது. அப்ப தொடத்தானே செய்யும்?" என்றார் பக்கக்காரர்.

"அங்கதான் எல்லாரும் விழுவாங்க!" கேள்விக்காரருக்கு ஒரு கணம் பயம் மறந்து பெருமை வந்தது. "கணக்குல தொடறதுன்னா ஒரே ஒரு இடத்துல பட்டும் படாம உரசிட்டுப் போறது. வாசப்படியை உரசிட்டுத் தெருவோட போறவனும், வாசல் வழியா உள்ள பூந்து கொல்லைப்பக்கமா வெளிய போறவனும் ஒண்ணா? இந்தக் கோடு உரசுதா, உள்ள பூருதான்னு தெரியாது. அதனால போதாது. இதை யோசிக்க எனக்கு ஒன்பது நாள் ஆச்சு."

"எனக்கே தொடும்னு தோணுதே. அவருக்கும் அப்படித் தோணியிருக்கும்."

"அவர் கணக்குல புலி."

"அப்ப நீங்க தப்பு."

"நான் தப்பில்லை!"

"அப்ப அவர் தப்பு. போய்ச் சொல்லிட்டு வாங்க. இன்னைக்கு நல்ல நாள் உங்களுக்கு."

கேள்விக்காரர் மேலாளர் அறைப் பக்கம் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. வெளியூரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள், நாலு மணி வரை யாரும் உள்ளே போகக் கூடாது. கதவில் ஒரு அட்டை தொங்கியது. அட்டையிலும் ஒரே சொல்தான். "பிறகு."

மேலாளர் அப்படித்தான். வாயைத் திறந்தால் ஒரு சொல், பேனாவைத் திறந்தால் ஒரு சொல். கூரை ஒழுகியபோது கட்டட உரிமையாளருக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் "ஒழுகுகிறது" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு ஊழியர் தனக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஓடிவந்து சொன்னபோது, "ரெண்டா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டாராம். அப்படிப்பட்டவர் ஒரு சொல் எழுதினால் அதில் ஒன்பது அர்த்தம் இருக்கும் என்பது அலுவலக நம்பிக்கை.

கேள்விக்காரர் தாளைத் தூக்கிக்கொண்டு ஒற்று அக்காவிடம் ஓடினார். பிழை திருத்துகிறவர். க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் பச்சை மையோடு பாய்ந்து வருவதால் அந்தப் பெயர்.

"அக்கா, இது அவர் எழுத்துதானா?"

"அவர்தான். 'ம்' மேல வைக்கிற புள்ளியைப் பாருங்க, பொட்டு மாதிரி வட்டமா இருக்கும். சிவப்பு மையும் அவர் ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

"என்ன அர்த்தம்கா?"

"போதும்னா போதும்தான். அதுல ஒற்றுப்பிழை இல்லை."

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, ஆச்சா?"

"இன்னும் ஆகலை."

"ஆகுமா?"

"அதைச் சொல்ல இப்போதைக்குத் தகவல் போதாது."

"ஆரம்பிச்சுட்டீங்களா! நாம வாடகைக்குப் பார்த்த வீட்டோட சொந்தக்காரர் இப்பதான் ஃபோன் பண்ணினார். ஆறு மணிக்குள்ள பெர்மனென்ட் லெட்டரைக் காட்டினா சாவி நமக்கு. இல்லைன்னா வேற ஆள் ரெடியா நிக்கிறாங்களாம். நான் ஜன்னலுக்குத் திரைச்சீலை வரைக்கும் அளவெடுத்துட்டு வந்துட்டேங்க."

கேள்விக்காரர் குடும்பம் மாமனார் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தது. மாமனார் கெட்டவர் இல்லை. தினமும் காலையில் படிக்கட்டின் அடியில் நின்று, "மாப்பிள்ளை, ஆச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். ஆறு மாதமாகக் கேட்கிறார். கேள்விக்காரர் இப்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் இறங்குகிறார். ஒரு ஆண்பிள்ளைக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

மேசைக்கு வரும் வழியில் அவர் முடிவெடுத்துவிட்டார். மேலாளர் போதும் என்கிறார். கேள்வி போதாது என்கிறது. மேலாளரை மாற்ற முடியாது. கேள்வியை மாற்றலாம். அவர் சொன்னபடி போதுமான கேள்வியாக அதை ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

வேலை சுலபம். முதல் கூற்றில் கோட்டின் சாய்வையும் சேர்த்துவிட்டால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். "சாய்வு –3/4" என்று சேர்த்தார். அந்தச் சாய்வில் போகிற கோடு வட்டத்தை அழகாக உரசிவிட்டுப் போகும். இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும். தாளோடு போகிற விடை விளக்கப் புத்தகத்திலும் மறக்காமல் "ஆம், தொடும்" என்று மாற்றினார். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார். கால்கூட ஒரு நிமிடம் ஆடாமல் நின்றது.

ஆனால் புதிதாக ஒரு எழுத்து சேர்த்தாலும் அது ஒற்று அக்காவின் கண்ணுக்குப் போய்த்தான் வர வேண்டும். போனது. வந்தது. கேள்விக்காரர் பார்த்தார். பகீரென்றது.

"அக்கா! இங்க ஒரு கோடு இருந்ததே?"

"எண்ணுக்கு முன்னாடி சின்னதா ஒட்டிக்கிட்டு நின்னுச்சே, அதுவா? வரி உடையறப்ப வர்ற கோடு போலன்னு எடுத்துட்டேன்."

"ஐயோ, அது மைனஸ்கா! அந்தச் சின்னக் கோடு இல்லைன்னா இந்தப் பெரிய கோடு வட்டத்துக்குள்ள பூந்துடும்!"

"பூந்தா என்ன? நீங்க கேக்கறது போதுமா போதாதாங்கறதுதானே? பூந்துடுச்சுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா அதுவும் விடைதானே?"

ஆறு மாதத்தில் அந்த அலுவலகத்தில் யாரும் கணக்கைப் பற்றி இவ்வளவு சரியாகப் பேசியதில்லை. தொடும் என்றாலும் போதும், தொடாது என்றாலும் போதும். ஆனால் விளக்கப் புத்தகத்தில் தொடும் என்று எழுதியாகிவிட்டதே!

"இல்லக்கா, மைனஸ் வேணும். வச்சுடுங்க."

அக்காவுக்கு முகம் சுருங்கியது. "சரி, வார்த்தையிலயே எழுதிடறேன். அப்பதான் நாளைக்கு வேற யாரும் தூசின்னு தட்டிவிட மாட்டாங்க."

வார்த்தையில் எழுதி அனுப்பினார். "கோட்டின் சாய்வு எதிர்மறை." படிக்க நன்றாகத்தான் இருந்தது.

"எண் எங்கக்கா? மூணு கீழ் நாலு எங்க?"

"எதிர்மறைன்னு சொன்னப்புறம் எண் எதுக்கு? வாக்கியம் கனத்துப்போச்சு. இறக்கிட்டேன்."

எண் போனதும் கோடு மறுபடி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி ஆகிவிட்டது. எதிர்மறைச் சாய்வு ஆயிரம் இருக்கிறது. எதில் போகும், உரசுமா, பூருமா? தெரியாது. அதாவது போதாது. சுற்றிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றார் கேள்விக்காரர். மணி இரண்டேகால்.

எழுந்து நடந்தார். நடைவழியின் கடைசிவரை போய்த் திரும்பினார். தண்ணீர் குடித்தார். குடித்ததை மறந்து மறுபடி குடித்தார். அப்போது எதிரே பதிவேட்டு அம்மா வந்தார். ஊழியர்களின் சேர்க்கை, விலகல், விடுப்பு எல்லாம் அந்த அம்மாவின் கையில்தான். கழுத்தில் மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு கோப்பு.

"தம்பி, ஒரு நிமிஷம்..."

கோப்பைப் பார்த்ததும் கேள்விக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. அந்தக் கோப்பில் என்ன இருக்கும்? வீட்டுக்கு அனுப்பும் கடிதம்தான் இருக்கும்.

"அவசர வேலைம்மா, அச்சகத்துக்குப் போகணும்!" என்று நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை. நின்றது நின்றாகிவிட்டது என்று பொத்தானை அழுத்தினார். தன் உள்ளங்கையின் படம் நான்கு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அங்கே நின்றபோதுதான் அவருக்கு அடுத்த யோசனை வந்திருந்தது. பேசாமல் ஒரு படம் போட்டுவிடலாம்! வட்டம், கோடு, உரசுகிற இடம். கண்ணால் பார்த்தபிறகு யார் போதாது என்பார்கள்?

"பக்கக்காரரே, இங்க ஒரு படம் வைக்கணும்."

"எவ்வளவு பெருசு?"

"வட்டம் வட்டமாத் தெரியணும், அவ்வளவுதான்."

"தீப்பெட்டி அளவு இடம் இருக்கு. அதுவும் அகலத்துல கிடையாது, உயரத்துல. அடக்கிடறேன்."

அடக்கினார். மேலும் கீழும் இழுத்து, பக்கவாட்டில் நசுக்கி, சொன்னபடி அடக்கினார். திரையில் ஒரு முட்டை நின்றது.

"இது வட்டமா?"

"வட்டம்னு கீழ எழுதிடலாம்."

கேள்விக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். தலையைப் பிடித்தபடியே பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. படத்திலேயே கோடு வட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொடுமா என்று கேள்வி! பார்க்கிறவன் கூற்றுகளைப் படிப்பானா? முதலாவதும் வேண்டாம், இரண்டாவதும் வேண்டாம், படமே போதும் என்பான். அப்படி ஒரு விடை ஐந்தில் கிடையாது. ஆறாவதாக ஒன்று சேர்க்கலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தார், பாவம்.

"படத்தை எடுத்துடுங்க."

"எடுத்தா ஓட்டை விழும்."

"விழட்டும்! அதுல நான் இன்னும் ரெண்டு வரி சேர்க்கறேன்."

மூன்றாவது முறையாகக் கேள்வியைத் திறந்தார். இந்தமுறை எந்தச் சந்துபொந்தும் இருக்கக் கூடாது. போதும் என்று சொன்ன மனுஷனுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட வேண்டும், அந்த அளவுக்குக் கொட்டிக் கொடுத்துவிடுவது. முதல் கூற்றில் புள்ளி, அதோடு சாய்வு, மைனஸ், எண் எல்லாம் திரும்ப வந்தன. ஒற்று அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம் என்பதால் மைனஸ் பிழைத்தது. இரண்டாம் கூற்றில் ஆரம் 5, அதோடு இலவசமாக இன்னொரு புள்ளி. கோடு (0, 6.25) வழியாகவும் செல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. இரண்டாம் முறை போட்டார், சரி. நகம் கடித்தபடி மூன்றாம் முறையும் போட்டார்.

"இதை ஏத்துங்க. ஒரு எழுத்தைத் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

செல்போன் அடித்தது.

"ஏங்க, ஆச்சா?"

"ஆகிட்டே இருக்கு, வை!"

"வைன்னா எப்படி வைக்கறது? அப்பா பக்கத்துலயே நின்னுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

பின்னாலிருந்து குரல் கேட்டது. "மாப்பிள்ளை, ஆச்சா?"

கேள்விக்காரர் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது பக்கக்காரர் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்த முகம்.

"அனுப்பியாச்சு. நாலு மணிக்கு மிஷின்ல ஏத்திடுவாங்க. கடைசி வரி மட்டும் மூணு எழுத்து வெளிய தள்ளிக்கிட்டு நின்னுச்சு. உள்ள இழுத்துட்டேன்."

"எப்படி இழுத்தீங்க?"

"ஆறு புள்ளி ரெண்டு அஞ்சுன்னு நீட்டி முழக்கியிருந்தீங்க. ஆறுன்னு போட்டுட்டேன். காலுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பாங்களா?"

கேள்விக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்ல வேண்டும். முதல் கூற்று சொல்லும் கோடு ஆறேகாலில் போகிறது. இரண்டாம் கூற்று அதே கோடு ஆறில் போகிறது என்கிறது. ஒரே கோடு, இரண்டு இடம்! அப்படி ஒரு கோட்டை யாராலும் வரைய முடியாது.

இந்தத் தொழிலில் கேள்வி கடினமாக இருக்கலாம், எளிதாக இருக்கலாம், அசட்டுத்தனமாகக்கூட இருக்கலாம். இரண்டு கூற்றும் ஒன்றோடொன்று சண்டை மட்டும் போடக் கூடாது. போட்டால் எழுதியவருக்கு வேலை போகும். இவருக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் போனார். அவர் கேள்வியில் ஒரு முக்கோணத்துக்கு நான்கு பக்கம் வந்துவிட்டது என்று கேள்வி.

"அச்சகத்துக்கு ஃபோன் பண்ணி நிறுத்துங்க!"

"மேலாளர் சொன்னாத்தான் நிறுத்துவாங்க."

மணி மூன்றே முக்கால். கேள்விக்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். வேலை போய்விட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. காலையிலேயே ஒரு கேள்வியைத் தப்பு என்று கோடிட்டுக் காட்டியவர், அதைத் திருத்தச் சொன்னால் இந்தக் கூத்து அடித்திருப்பவனை நிரந்தரமாக்குவாரா? இப்போது நிரந்தரமெல்லாம் பேராசை. வெளியே தள்ளாமல் இருந்தால் போதும். உள்ளே ஒரு ஓரமாக நிற்க விட்டால் போதும்.

பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. அவர் முந்திக்கொள்வதற்குள் நாம் முந்திக்கொண்டால் என்ன? ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினார். இருபத்து மூன்றாம் கேள்வியில் நடந்த அத்தனை குளறுபடிக்கும் நானே பொறுப்பு. என் திறமையை எடைபோட ஆறு மாதம் போதவில்லை என்று நானே உணர்கிறேன். ஆகவே என்னை வேலையிலிருந்து விலக்காமல், என் புரொபேஷனை மேலும் ஆறு மாதம் நீட்டித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த ஒற்று அக்கா அதை வாங்கிப் படித்தார். கண் கலங்கியது. "நீட்டித்துத் தருமாறு... த் போட்டிருக்கீங்க. நல்லா வருவீங்க தம்பி" என்றார்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. வெளியூர்க்காரர்கள் போனார்கள். கேள்விக்காரர் கடிதத்தோடு, காலையில் வந்த பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். 

மேலாளர் கடிதத்தைப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார். அவர் எதையும் இரண்டு முறை படித்து யாரும் பார்த்ததில்லை.

"வேணுமா?" என்றார்.

"கண்டிப்பா வேணும் சார்."

மேலாளரின் புருவம் மெல்ல மேலே ஏறியது. "நிச்சயமா?"

"நிச்சயமா சார்! ஆறு மாசம். ஒரு நாள் குறைச்சீங்கன்னாலும் எனக்கே மனசு கேக்காது."

மேலாளர் தோளைக் குலுக்கிக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார். கடிதத்தின் மேல் "சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்தது கேள்வி. புதிய தாளைப் படித்தார். முகம் கோணியது. பழைய தாளைப் படித்தார். முகம் நேரானது. விரலால் பழைய தாளைத் தட்டினார்.

"பழையது."

"சார்?"

"பழையது. அருமை."

இரண்டு சொல்! கேள்விக்காரருக்குத் தலை சுற்றியது. அருமை என்றால் காலையில் எதற்குப் போதும் என்று எழுதினார்? கேட்க வாயெடுத்தார். அதற்குள் மேலாளர் அச்சகத்துக்குப் போன் போட்டு "நிறுத்து" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வேலை போகாத மகிழ்ச்சியில் கேள்விக்காரருக்குக் கேள்வி மறந்தது. தாள்களையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"நீட்டிச்சுட்டார்!" என்று கத்தினார். பக்கக்காரர் எழுந்து கை கொடுத்தார். ஒற்று அக்கா கைதட்டினார். காலையிலிருந்து ஆடிய வலது கால் இப்போதுதான் நிம்மதியாகத் தரையில் பதிந்தது. தானாகவே வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, ஆச்சா?"

"வேலை போகலை!"

"பெர்மனென்ட் ஆயிடுச்சா?"

"அதுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. நானே பேசி வாங்கினேன். எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா!"

மறுமுனையில் திரைச்சீலை அளவு குறித்த தாளை மடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப வீடு போச்சு" என்றாள் மனைவி கடைசியில். "பரவாயில்லை. நீங்க வேலையில இருக்கீங்களே, அது போதும். ஆனா அப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. எனக்குத் தெம்பில்லை."

வீடு போனது அவருக்கும் வலித்தது. இருந்தாலும் அந்த 'அது போதும்' என்ற வார்த்தையைக் கேட்டதும் மனசு லேசானது. ஆறு மாதம்தானே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினால் போயிற்று என்று சமாதானம் செய்துகொண்டு, மேசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

பதிவேட்டு அம்மா வந்து நின்றார். கையில் நீட்டிப்பு உத்தரவு, அதோடு மேலாளர் அறையிலிருந்து வந்த கடிதமும் பழைய தாளும். இந்தமுறை கேள்விக்காரர் ஓடவில்லை. சிரித்த முகத்தோடு பேனாவைத் திறந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பழைய தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"இதுல ஒட்டியிருந்த மஞ்சச் சீட்டு எங்க?"

"எந்தச் சீட்டும்மா?"

"உள்ள யாரையும் விடலைன்னு உங்க தாள்லயே ஒட்டி அனுப்பினேனே தம்பி, 'இவரை ஆறு மாசம் பார்த்தது போதுமா, இன்னும் ஆறு மாசம் பார்க்கணுமா'ன்னு, அதுக்கு அவர் பக்கத்துலயே 'போதும்'னு எழுதிக் கொடுத்தப்புறம், நீங்க எதுக்குப் போய் இன்னும் ஆறு மாசம் கேட்டு வாங்கினீங்க?"